கண்ணாடி இல்லாத கேமராவும் கலங்கிப்போன 140 படங்களும்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பிரிண்டரும் வந்துவிட்டது. அடுத்து ஒரு நல்ல டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று நினைக்கும் வாசகர்களுக்கு உடனே எழும் சந்தேகம், போனிலேயே கேமரா இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு என்பதுதான். பகல் வெளிச்சத்தில், வெட்ட வெளியில், நிற்கும் பொருளையும் மனிதர்களையும் எடுக்க உங்கள் போன் போதும். செலவு செய்ய வேண்டாம். ஆனால் வீட்டுக்குள், ஒரே டியூப்லைட் வெளிச்சத்தில், பேசிக் கொண்டும் சிரித்துக் கொண்டும் இருப்பவர்களை எடுக்க வேண்டும் என்றால் போன் திணறும். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத்தான் இருட்டைச் சமாளிக்கிறது. அதற்குள் எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பிவிட்டால் படம் கலங்கிப் போகும்.

இந்த இடத்தில்தான் மிரர்லெஸ் கேமரா உதவுகிறது. உள்ளங்கை அளவுள்ள உடல், கழற்றி மாற்றக் கூடிய லென்ஸ். ஆனால் வாங்கிவிட்டால் மட்டும் படம் வந்துவிடாது. நான் அதை எப்படிக் கற்றுக் கொண்டேன் என்பதையே இங்கு பாடமாகத் தருகிறேன்.

2022 தீபாவளிக்குச் சிவகங்கைப் பக்கம் உள்ள எங்கள் கிராமத்திற்குச் சென்றேன். அப்போதுதான் பழைய மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கியிருந்தேன். 16 மெகாபிக்ஸெல். கூடவே வந்த 14-42 மிமீ ஜூம் லென்ஸ். ஊரில் அப்பத்தா இருந்தார். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இரண்டு காதிலும் தண்டட்டி. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு வெளிச்சம் என்றால் கூசும் என்பதால் பிளாஷ் போடக் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அப்பத்தா உட்காரும் இடமோ முற்றத்தைத் தாண்டிய உள்கூடம். பாக்குவெட்டியால் பாக்கை நறுக்கிக் கொண்டே பேசுவார். மூன்று நாட்களில் 140 படங்கள் எடுத்தேன். கேமராவின் பின்னால் உள்ள மூன்று அங்குலத் திரையில் பார்த்தபோது ஒவ்வொன்றும் அற்புதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்து, மானிட்டரில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. ஆசைக்கு ஒன்றைச் சித்தப்பாவின் போனுக்கு அனுப்பினேன். அப்பத்தா பார்த்துவிட்டு, “ஏன்டா ராசா, எனக்கு ரெண்டு மூஞ்சியா இருக்கு?” என்று கேட்டாராம்.

முதல் பாடம் இதுவே. கேமராவின் சிறிய திரையை நம்ப வேண்டாம். எடுத்த இடத்திலேயே அதில் உள்ள பூதக்கண்ணாடி பட்டனை அழுத்தி, கண்ணையும் இமையையும் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே கலங்கியிருந்தால் உடனே மறுபடியும் எடுக்கலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு எடுக்க முடியாது.

இனி கேமராவின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்குப் பின்னால், முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்று 45 டிகிரி சாய்வாக நிற்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பிவிடும். அங்கே உள்ள பிரிசம் அந்தப் பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அழுத்தும்போது கண்ணாடி ‘டக்’ என்று மேலே மடங்கி ஒளிக்கு வழிவிடும். இந்தக் கண்ணாடி மடங்க இடம் வேண்டும் அல்லவா? அதனால்தான் அந்தக் கேமராக்கள் கனமாகவும் தடிமனாகவும் இருந்தன. நிக்கான் எஸ்.எல்.ஆரில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து சென்சார் வரை 46.5 மிமீ தூரம். கேனான் எஸ்.எல்.ஆரில் 44 மிமீ.

கண்ணாடியையும் பிரிசத்தையும் எடுத்துவிட்டால்? ஒளி நேராகச் சென்சாரில் விழுகிறது. சென்சார் பார்ப்பதை அப்படியே பின்திரைக்கு அனுப்பிவிடலாம். ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து 2008 ஆகஸ்ட்டில் அறிவித்த மைக்ரோ போர் தேர்ட்ஸ் என்ற முறை இப்படிப்பட்டதுதான். அதன் முதல் கேமராவான பானாசோனிக் லூமிக்ஸ் ஜி1 அதே ஆண்டு வந்தது. பார்க்கக் குட்டி எஸ்.எல்.ஆர். போலத்தான் இருந்தது. 2009ல் வந்த ஒலிம்பஸ் பென் இ-பி1 தான் பெட்டி போன்ற தட்டையான வடிவத்தில், கோட்டுப் பையில் போடலாம் போல வந்தது. இந்த முறையில் லென்ஸ் வளையத்திலிருந்து சென்சார் வரை சுமார் 20 மிமீ மட்டுமே. 2010ல் சோனி தன் நெக்ஸ் கேமராக்களில் 18 மிமீக்குக் கொண்டு வந்தது. கேனானும் நிக்கானும் பெரிய சென்சார் கொண்ட தங்கள் மிரர்லெஸ் வரிசைகளை 2018ல்தான் தொடங்கின.

உடல் சிறுத்ததே தவிர, உள்ளே உள்ள சென்சார் சிறுக்கவில்லை. ஒரு காலத்தில் எல்லோரும் வாங்கிய சாதாரண பாக்கெட் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 6.2க்கு 4.6 மிமீ, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மைக்ரோ போர் தேர்ட்ஸ் சென்சார் 17.3க்கு 13 மிமீ. பரப்பைப் பெருக்கிப் பாருங்கள், எட்டு மடங்கு வரும். சோனி போன்றவர்கள் பயன்படுத்தும் ஏ.பி.எஸ்-சி சென்சார் சுமார் 23.5க்கு 15.6 மிமீ. புல் பிரேம் என்பது பழைய பிலிம் அளவு, 36க்கு 24 மிமீ. மழையில் வாளியை வைத்தாலும் சொம்பை வைத்தாலும் நீர் விழும். வாய் அகன்ற பாத்திரத்தில் கூடுதலாகச் சேரும். ஒளியும் அப்படியே. மெகாபிக்ஸெல் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் கேமரா வாங்குபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அப்படியானால் எட்டு மடங்கு பெரிய சென்சார் இருந்தும் என் படங்கள் ஏன் கலங்கின? பதிலைச் சொன்னது கேமரா அல்ல, கம்ப்யூட்டர்.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். விண்டோஸில் படத்தின் பைல் மீது ரைட் கிளிக் செய்திடுங்கள். கிடைக்கும் மெனுவில் பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். டீடெய்ல்ஸ் என்ற டேபில் கிளிக் செய்து, சற்றுக் கீழே செல்லுங்கள். படம் எடுத்தபோது கேமரா என்ன செய்தது என்ற முழு ஜாதகமும் அங்கே இருக்கும். என் படத்தில் இருந்தது இது: எப்-ஸ்டாப் எப்/5.6. எக்ஸ்போஷர் டைம் 1/8 செகண்ட். ஐ.எஸ்.ஓ. 1600. போகல் லெங்த் 42 மிமீ.

இதில் 1/8 செகண்ட் என்பதுதான் குற்றவாளி. ஒரு செகண்டில் எட்டில் ஒரு பங்கு நேரம் கதவு திறந்திருந்திருக்கிறது. அதற்குள் அப்பத்தா தலையை ஆட்டியிருப்பார், பாக்குவெட்டி ஒரு முறை கீழே இறங்கியிருக்கும். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிவானதால் இரண்டு முகம்.

கலங்கல் மூன்று வகை. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் எது என்று கண்டுபிடித்துவிடலாம். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டது போல இருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. மனிதர் மட்டும் கலங்கி, பின்சுவரில் தொங்கும் காலண்டரின் தேதி வரை தெளிவாகத் தெரிந்தால், அவர் அசைந்திருக்கிறார் (அல்லது கேமரா அவரை விட்டுக் காலண்டரைக் குறி வைத்திருக்கிறது, கை மட்டும் இழுபட்டிருந்தால் அசைவு, உடல் முழுக்க மென்மையாக மங்கியிருந்தால் போகஸ் தவறு). என் படங்களில் காலண்டரில் இருந்த முருகன் வேலோடு தெளிவாக இருந்தார். அப்பத்தாவின் விரல்கள் மட்டும் இழுபட்டிருந்தன. ஆக, அசைவு. என் கேமராவில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு. அது நம் கை ஆடுவதைத்தான் தடுக்கும். எதிரில் இருப்பவர் அசைவதற்கு அது ஒன்றும் செய்ய முடியாது. விளம்பரத்தைப் படித்துவிட்டு நான் ஏமாந்தது இதில்தான்.

பேசிக் கொண்டிருப்பவரை எடுக்க 1/125 செகண்டாவது வேண்டும். ஓடும் குழந்தைக்கு 1/500. கதவை அவ்வளவு சீக்கிரம் மூடினால் ஒளி போதாது. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டலாம், கூட்டினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். மீதி இருப்பது லென்ஸின் வாய்.

எப் எண் என்பது இந்த வாயின் அளவைச் சொல்கிறது. எண் சிறியதாக இருந்தால் வாய் பெரியது. முதலில் குழப்பும், பழகிவிடும். கேமராவுடன் வரும் ஜூம் லென்ஸின் முகப்பில் 14-42, 3.5-5.6 என்று எழுதியிருக்கும். அகலமாகக் காட்டும் 14ல் வைத்தால் எப்/3.5 வரை திறக்கும். 42க்கு இழுத்தால் எப்/5.6க்கு மேல் திறக்காது. நான் அப்பத்தாவை நெருங்கிப் போகச் சோம்பல்பட்டு, ஜூமை முழுக்க இழுத்துத் தூரத்தில் உட்கார்ந்து எடுத்திருந்தேன். இருக்கும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் நானே தடுத்துவிட்டேன். எனவே செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. ஜூம் செய்யாதீர்கள், எழுந்து அருகே செல்லுங்கள். ஆனால் 14ல் வைத்துக் கொண்டு முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். அரை உடல் தெரியும் தூரத்தோடு நின்றுவிடுங்கள்.

செலவுள்ள வைத்தியம், ஜூம் இல்லாத லென்ஸ். நான் பழைய 25 மிமீ, எப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். மைக்ரோ போர் தேர்ட்ஸ் கேமராவில் 25 மிமீ லென்ஸ் காட்டும் காட்சி, பழைய பிலிம் கேமராவில் 50 மிமீ லென்ஸ் காட்டியதற்குச் சமம். 5.6ஐ 1.8ஆல் வகுத்து, வரும் விடையை அதனாலேயே பெருக்குங்கள். ஏறத்தாழ 10 வரும். அதாவது பத்து மடங்கு ஒளி. 1/8 செகண்ட் ஆன இடத்தில் இப்போது 1/80 போதும். ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக்கினால் 1/160. புதுக் கேமரா வாங்காமல், லென்ஸை மட்டும் மாற்றி இது கிடைக்கிறது. கையில் உள்ள பணம் குறைவு என்றால், நான்கைந்து ஆண்டு பழைய உடலும் இப்படி ஒரு லென்ஸும் வாங்குங்கள் என்பதே என் யோசனை. புத்தம் புதிய உடலோடு வரும் ஜூமை மட்டும் வைத்துக் கொண்டு இருட்டில் மல்லுக்கட்ட வேண்டாம்.

2023 பொங்கலுக்கு மீண்டும் ஊருக்குச் சென்றேன். இந்த முறை அப்பத்தாவின் நாற்காலியை முற்றத்தின் ஓரமாக, வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் விழும்படி நகர்த்திப் போட்டோம். டயலை ஏ என்ற எழுத்தில் வைத்து எப்/1.8 அமைத்தேன். முதல் படத்தை எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால், வலது காதுத் தண்டட்டியின் ஒவ்வொரு விளிம்பும் துல்லியம். கண்கள் மங்கல்.

வாய் அகலத் திறந்த லென்ஸின் விலை இது. தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். முகத்துக்கு அருகில் எடுக்கும்போது காது தெளிவாக இருந்தால் கண் இருக்காது. கேமராவைத் தானே போகஸ் செய்யச் சொன்னால், பல சமயம் மிக அருகில் உள்ளதையும் பளபளப்பானதையும் பிடித்துக் கொள்ளும். மெனுவில் முகம் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். புதிய கேமராக்கள் கண்ணையே தேடிப் பிடிக்கும். இல்லையென்றால் போகஸ் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றி, நமக்கு அருகில் உள்ள கண் மீது வையுங்கள். நான் எப்/2.8க்கு மூடி, கட்டத்தைக் கண்ணில் வைத்து, பேச்சு கொடுத்துக் கொண்டே எடுத்தேன். நாற்பது படங்களில் பதினொன்று நன்றாக வந்தன. அந்த ஆடியில் அப்பத்தா தவறிவிட்டார்.

லென்ஸை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. எஸ்.எல்.ஆரில் சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் ஷட்டரும் காவல் இருக்கும். பல மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்த வீடாக நிற்கும். கேமராவை ஆப் செய்து, வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்து, அடுத்த லென்ஸைத் தயாராக வைத்துக் கொண்டு மாற்றுங்கள். பேனுக்குக் கீழே வேண்டாம். தூசி விழுந்துவிட்டால் வாயால் ஊதாதீர்கள். நான் ஊதினேன். தூசி போகவில்லை, எச்சில் துளி சேர்ந்தது. அடுத்து எடுத்த வானம் முழுவதும் சாம்பல் நிறப் பொட்டுகள். ரப்பர் ஊதுகுழல் சிறிய விலைதான், வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

பழைய கேமரா வாங்குவோர் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். லென்ஸ் வளையம் ஒவ்வொரு வரிசைக்கும் தனி. ஒன்றின் லென்ஸ் மற்றதில் நேரடியாகப் பொருந்தாது. கேனான் 2012ல் தொடங்கிய இ.ஓ.எஸ். எம் வரிசை 2023ல் முடிந்துவிட்டது. நிக்கான் 1 என்ற வரிசை 2011ல் வந்து 2018ல் நின்றது. சாம்சங்கின் என்.எக்ஸ். வரிசையும் இப்போது இல்லை. இவை மலிவாகக் கிடைக்கும், நல்ல படமும் எடுக்கும். ஆனால் அவற்றுக்குப் புதிய லென்ஸ் வரப் போவதில்லை. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவைக் கைமாற்றியதால், 2021 முதல் அதை ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் நடத்துகிறது. லென்ஸ் வளையம் மாறவில்லை என்பதால் பழைய ஒலிம்பஸ் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்க்காரர்கள் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்பது நல்லது. பேட்டரி கூடுதலாக ஒன்று தேவைப்படும். திரையும் சென்சாரும் எந்நேரமும் இயங்குவதால் எஸ்.எல்.ஆர். போல நாள் முழுக்க வராது.

கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எளிது. கார்டை ரீடரில் போட்டால் டிசிஐஎம் என்று ஒரு போல்டர் தெரியும். அதற்குள் படங்கள். அவற்றை காப்பி செய்திடுங்கள். கட் செய்ய வேண்டாம். பாதி வழியில் கரண்ட் போனால் எந்தப் பைல் எங்கே என்ற குழப்பம் வரும். காப்பி முடிந்து, நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்து, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்த பிறகு, கார்டைக் கேமராவிலேயே போட்டு பார்மட் செய்யலாம். ரா என்ற வகையில் எடுத்தால் வெளிச்சத்தையும் நிறத்தையும் பின்னால் திருத்தக் கூடுதல் வசதி உண்டு. ஆனால் என் கேமராவில் ஜேபெக் பைல் 6, 7 எம்பி என்றால் ரா பைல் 15 எம்பி வரை வருகிறது. முக்கியமான நாட்களில் இரண்டும் சேர்ந்து பதியும்படி அமைத்துக் கொள்ளுங்கள். ராவைத் திருத்த டார்க்டேபிள், ராதெரப்பி என்ற இலவச புரோகிராம்கள் உள்ளன.

கடைசியாக பிரிண்ட். அப்பத்தாவின் படத்தைப் பெரிதாக்க ஸ்டுடியோவுக்குச் சென்று, எல்லோரும் கேட்பது போல 12க்கு 18 என்று கேட்டேன். வந்த பிரிண்டில் வலது காதுத் தண்டட்டி பாதி வெட்டுப்பட்டிருந்தது. தவறு என்னுடையதே. மைக்ரோ போர் தேர்ட்ஸ் படம் 4க்கு 3 என்ற விகிதம். 12க்கு 18 என்பது 3க்கு 2. படத்தை அந்தத் தாளில் நிரப்பினால் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெளியே போய்விடும். மறுபடியும் 12க்கு 16 என்று கேட்டு வாங்கினேன். 16 மெகாபிக்ஸெல் படம் 4608க்கு 3456 புள்ளிகள் என்பதால், அங்குலத்திற்கு 288 புள்ளிகள் கிடைத்தன. நெற்றிச் சுருக்கம் வரை தெளிவாக வந்தது. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருப்பது அதுதான். அதன் பைல் என் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, சித்தப்பா மகளிடம் ஒன்று என்று மூன்று இடங்களில் இருக்கிறது.